எதிர்க்கவி சொல்வார் யார்?

சென்ற கிழமை ஒருநாள் அசர் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, முன்னாளில் என்னிடம் படித்த மாணவர் மூவர் திண்ணையிற் காத்திருந்தனர். கையில் ஓர் அழைப்பிதழ். அச்சகத்து மை மணம் அதில் இன்னும் மாறவில்லை. சவளக்கடையில் ஒரு வாசிகசாலையின் பின்மண்டபத்தில், வருகின்ற மாதம் நான்கு சனிக்கிழமை இரவுகளில், நாட்டார் பாட்டுக்கென்றே அரங்கு வைக்கப் போகின்றார்களாம். முதலிரவு பக்கீர் பாவாமாரின் றபான் இசை, இரண்டாமிரவு கவி, மூன்றாமிரவு அயற்கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் வசந்தன், நான்காமிரவு பொல்லடி. "தொடக்கவுரை நீங்கள்தான் செய்ய வேண்டும், சேர். 'நாட்டார் இலக்கியமும் நம் பண்பாடும்' என்று தலைப்புப் போட்டிருக்கின்றோம். மண்டபந்தான் மிகச் சிறியது. நூறு பேருக்கு மேல் இடங்காணாது. அதைக் குறையாக எடுக்கக் கூடாது" என்றனர்.

தலைப்பைக் கண்டு நான் தயங்கவில்லை. அத்தலைப்பில் முப்பது ஆண்டுகளாகப் பேசி வருகின்றேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அரைமணி நேரம் பேசுவேன். தயங்க வைத்தது வேறொன்று. அவர்கள் குறையென்று எண்ணிச் சொன்ன மண்டபத்தின் சிறுமையே அம்முயற்சியின் சிறப்பென்று எனக்குத் தோன்றிற்று. அவர்கள் சிறப்பென்று எண்ணி அழைப்பிதழில் அச்சிட்டிருந்த ஏற்பாடுகள் சிலவே குறையாகத் தோன்றின. அவற்றை அன்றே அவர்களிடம் சொல்லிவிட்டேன். எனினும் இத்தகைய அரங்குகள் இந்நாளிற் பல ஊர்களிலும் எழுந்து வருவதால், ஆசிரியரும் மாணவரும் இலக்கிய அன்பரும் எண்ணிப் பார்க்கட்டுமென்று ஈண்டும் எழுதுகின்றேன்.

சவளக்கடையை அறியாதார்க்கு ஒரு சொல். கல்முனையிலிருந்து மேற்கே நற்பிட்டிமுனை வழியாகச் சென்று, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் வருவது அவ்வூர். நாவிதன்வெளிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. கரையோரப் பட்டினங்களின் வீட்டு நெருக்கம் தண்ணீருக்கு இப்பாலே நின்றுவிடும்; அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். மாரி கொட்டும் நாள்களில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வரம்புகளில் வேளாண்மை செய்யும் நிலம் அது. கவி பிறந்தது இத்தகைய வட்டைகளிலேயன்றி மேடையில் அன்று. ஆதலால் பட்டினத்துப் பெரிய மண்டபங்களை விட்டு அவ்விளைஞர் சவளக்கடையைத் தேர்ந்தது எனக்கு உவப்பாயிற்று.

கவி என எங்கள் பக்கத்தார் வழங்குவது யாது? பொதுவழக்கில் அச்சொல் செய்யுளையும் குறிக்கும், செய்யுள் செய்வானையும் குறிக்கும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களிலோ அது தனியொரு பாட்டு வகையின் பெயர். நான்கடி கொண்டது. முன்னிரண்டடியில் பெரும்பாலும் கண்ணெதிரே கிடக்கும் பொருளொன்று வரும்: வரம்பு, வாய்க்கால், வளவில் நிற்கும் மாதுளை, கூவிக்கொண்டு போகும் பறவை. பின்னிரண்டடியில் நெஞ்சிற் கிடப்பது வரும். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தொடர்பைப் பாடுபவர் சொல்வதில்லை. கேட்பவர் அறிந்துகொள்ள வேண்டும். அகப்பாட்டின் உள்ளுறையை வகுப்பிற் படிப்பிக்க முயன்று தோற்ற நாள்களில், மாணவர்க்கு அவர்தம் மூத்தம்மாமார் பாடும் கவி ஒன்றைச் சொல்லச் சொல்லி, அதன் வழியே விளங்கப்படுத்தியிருக்கின்றேன். கவிக்குத் தாளக்கட்டு இல்லை. பக்கவாத்தியமும் இல்லை. அடியின் ஈற்றை மூச்சு உள்ளமட்டும் நீட்டி, மெல்ல இறக்கி விடுவர். அந்த நீட்டத்தில் வயல்வெளியின் தூரம் முழுதும் அடங்கியிருக்கும்.

இராக்காலத்திற் பரணிற் காவல் இருப்பவன், யானை வாராதிருக்கவும் நித்திரை வாராதிருக்கவும் கவி பாடுவான். அடுத்த பரணில் இருப்பவன் அதற்கு மறுகவி பாடுவான். களை பிடுங்கும் பெண்களில் ஒருத்தி மச்சானின் வாயாகப் பாட, வேறொருத்தி மச்சியின் வாயாக விடை சொல்வாள். தாய் மகளைக் கடிவாள். மகள் தாய்க்கு எதிர் சொல்வாள். அங்கே கேட்போர் என ஒரு கூட்டம் தனியே இருக்கவில்லை. கேட்டவள் எவளோ, அவளே அடுத்த கவிக்கு உரியவள்.

இதை நான் உணர்ந்தது பிந்தித்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், கவி சொல்வதிற் பேர்போன மூத்தம்மா ஒருவரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். இப்பொழுது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அன்று பாயை விரித்து இருத்தி, தேநீரும் தந்து, ஒரு கவி பாடினார். பாடிவிட்டு நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் பாடுங்க" என்றேன். மறுபடியும் பார்த்தார். "மறுமொழி வராம நான் என்னத்தச் சொல்லுற, மகன்?" என்றார். எனக்கு விளங்கவில்லை. முதுமையால் மறந்துவிட்டார் என்று எண்ணி, ஒரேயொரு கவியோடு கருவியை மூடிக்கொண்டு வந்தேன். மறந்திருந்தவர் அவரல்லர், கவி இருவர்க்குரியது என்பதை அறியாதிருந்தவன் தமிழ் படித்த நான்.

வெட்கத்துக்குரிய செய்தி என்னவெனில், இதனை நான் ஏட்டில் முன்னமே படித்திருந்தேன். சிலப்பதிகாரத்துக் கானல்வரியை நம்மவருள் அறியாதார் யார்? கடற்கரையிற் கோவலன் யாழிசைத்துப் பாடுகின்றான். அவன் பாட்டில் வேறு குறிப்பு உண்டென்று கருதிய மாதவி, யாழைத் தான் வாங்கி எதிர்ப்பாட்டுப் பாடுகின்றாள். அந்த எதிர்ப்பாட்டினாலேயே இருவரும் பிரிகின்றனர். காப்பியத்தின் போக்கே அவ்விடத்தில் திரும்புகின்றது. எதிர்ப்பாட்டு இல்லையேல் கானல்வரி இல்லை; கதையும் இல்லை. வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை, வாழ்த்துக் காதையில் வரும் அம்மானை, ஊசல், வள்ளை யாவும் மக்கள் வாயிலிருந்து இளங்கோ எடுத்தாண்ட வடிவங்கள் என்பர் அறிஞர். தொல்காப்பியச் செய்யுளியல் 'பண்ணத்தி' எனக் குறிப்பதையும் நாட்டார் பாட்டோடு சேர்த்துப் பொருள் கொள்வார் உளர். ஆதலின், வயலிற் பிறந்ததை அரங்குக்குக் கொண்டுவருவது குற்றமன்று. நம் மரபில் அது மிகப் பழைய தொழில். எதைக் கூடவே கொண்டுவருகின்றோம், எதை வயலில் விட்டு வருகின்றோம் என்பதே வினா.

அந்த யாழின் இலக்கணத்தைத் தேடிப் பல்லாண்டு உழைத்தவர் எங்கள் காரைதீவிற் பிறந்தவர் என்பதை இவ்விடத்தில் நினையாது போதல் தகாது. சுவாமி விபுலாநந்தர் 1892இற் பிறந்தவர். அவருடைய 'யாழ் நூல்' 1947 யூனில் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. மறுமாதமே அவர் மறைந்தார். பழந்தமிழ் இசையைத் தேடிப் போனவர் ஏட்டையும் கணக்கையும் துணைக்கொண்டார். அவர் பிறந்த ஊருக்கு மேற்கே உள்ள வட்டைகளில் அதே நாள்களிற் கவி குறைவின்றி ஒலித்துக்கொண்டிருந்தது. அதனைப் பின்வந்தோர் ஏட்டில் எழுதினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்தார். வித்துவான் வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலில் அவற்றுக்கு நல்லிடம் தந்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களின் கவிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். தமிழகத்திலும் மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943இலும், பெர்சி மக்வீன் சேர்த்தவற்றைக் கொண்டு கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958இலும் வந்தன. இவர்கள் இல்லையேல் எம்மிடம் இன்று எதுவும் இராது. ஆயினும் நான் பயின்ற தொகுப்புகளிற் பெரும்பாலானவற்றில், பாடியவர் பெயரைத் தேடினாற் கிடைப்பதில்லை. அக்கவிக்கு எதிர்க்கவியாக எது பாடப்பட்டது என்ற குறிப்பும் கிடைப்பதில்லை. உரையாடலில் ஒருவர் பேசியதை மட்டும் எழுதி வைத்தது போல அவை நிற்கின்றன.

மேடைக்கு வந்ததன் வரலாறும் படிப்பினை உடையது. 1956இற் சரச்சந்திரரின் 'மனமே' சிங்கள நாடக உலகைத் திருப்பியது. அதனைக் கண்ட வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இற் 'கர்ணன் போர்', அதன் பின்னர் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' எனக் கூத்துகளை நகர மேடைக்குக் கொணர்ந்தார். கூத்தென்றால் முகஞ்சுளித்த படித்தவர் கூட்டம் அன்றுதான் அதைக் கலையென ஒப்பியது. அது பேருதவி. ஆனால் விடியவிடிய ஆடிய கூத்து ஓரிரு மணித்தியாலத்துள் அடங்கிற்று. நாற்புறமும் சனம் சூழ இருந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த மேடையாயிற்று. பின்னாளில் மட்டக்களப்புச் சீலாமுனையிற் பேராசிரியர் சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியவர்களும், கூத்தை நகருக்குக் கொணராது ஊருக்குள்ளேயே, ஊராரையே சேர்த்துக்கொண்டு மீளுருவாக்கம் செய்ய முயன்றனர். இவ்விரு வழிகளுள் எது சரி என்று பட்டிமன்றம் வைப்பார் உண்டு. கூத்துக்கு முதல்வழியும் பொருந்தியது என்பேன்; ஏனெனில் அதற்கு ஆட்டமும் உடையும் கதையும் உண்டு, தூரத்திலிருந்து பார்த்தாலும் சுவைக்கும். கவிக்கு இரண்டாம் வழி ஒன்றே உண்டு. தூரத்திலிருந்து கேட்கும் ஆயிரவர்க்கு அதனிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

நிற்க. என் குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலையில், நாட்டார் பாடற் போட்டிக்கு மாணவியரைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிள்ளைகள் தம் வீடுகளிற் கேட்டு எழுதி வந்த கவிகளை வாங்கிச் சிவப்பு மையால் திருத்தினேன். 'வெள்ளாப்பு' என்று இருந்ததை 'விடியல்' ஆக்கினேன். 'மறுகா' என்பதைப் 'பின்னர்' என்று மாற்றினேன். 'கிறுகி' வந்தவன் என் கையில் 'திரும்பி' வந்தான். மூச்சு விட்டு நீட்டும் இடங்களைக் குறைத்து, நேரத்துக்குள் அடங்கும்படி தாளமும் சேர்த்தேன். பரிசு கிடைத்தது. அந்நிகழ்ச்சியைக் கேட்க வந்திருந்த மாணவி ஒருத்தியின் மூத்தம்மா, "நல்லாத்தான் இருந்திச்சு, ஆர்ர பாட்டு மகள் அது?" என்று பேத்தியைக் கேட்டாராம். அது அவர் கொடுத்த பாட்டு. 'மறுகா' என்பது 'மறுகால்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லின் தேய்வென்றே இன்று கருதுகின்றேன். அன்று அவ்வாறு எண்ணிப் பார்க்க எனக்கு நேரமிருக்கவில்லை.

பண்டிதர் மட்டும் இக்குற்றம் செய்தாரல்லர் என்பது ஒரு சிறு ஆறுதல். இங்கிலாந்தில் சிசில் சார்ப் என்னும் இசையாசிரியர் 1903இற் சொமர்செற் நாட்டில் நண்பராகிய பாதிரியார் வீட்டில் தங்கியிருந்தபோது, தோட்டக்காரர் ஒருவர் தமக்குள்ளே பாடியதைக் கேட்டார். உடனே எழுதிக்கொண்டார், பியானோவுக்கு ஏற்ப அமைத்து அன்றிரவே அவையிற் பாடச் செய்தார். அன்று தொடங்கிய தேட்டத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களைக் காத்துத் தந்தவர் அவர். இலண்டனில் 1930இல் திறக்கப்பெற்ற நாட்டார் கலை மனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் அவரும் அப்பாதிரியாரும் அச்சிட்ட தொகுதிகளிற் கேட்பார் நாணுவர் என்று கருதிய சொற்களைத் திருத்தியே வெளியிட்டனர். எங்கள் கவியிலும் நாணத்தக்க சொற்கள் உண்டு. களை பிடுங்கும் வயலில் ஆண்கள் இல்லாத பொழுது பெண்கள் பாடும் கேலியைப் பாடநூலில் ஏற்றுதல் அரிது. சிறிய மண்டபத்தின் நன்மை இங்கும் உண்டு. யார் யார் இருக்கின்றனர் என்று பாடுபவர் கண்ணாற் கண்டு, பாட வேண்டியதைத் தாமே தெரிந்துகொள்வார். எங்கோ இருந்து ஓர் ஆசிரியர் சிவப்பு மையோடு வரத் தேவையில்லை.

கவி ஏன் குன்றிற்று என்ற வினாவுக்கு மேடைகளில் நாம் கேட்கும் விடை ஒன்றுதான்: இளைஞர் சினிமாப் பாட்டில் மயங்கிவிட்டனர். இவ்விடை எளிது, உண்மையில் அரைவாசியும் அன்று. சூடு மிதிப்பித்த எருமைகளின் பின்னே நடந்து பொலிப்பாட்டுப் பாடியவர், உழவு இயந்திரம் களத்துக்கு வந்த அன்றே வாய் மூடினர். அந்த இரைச்சலில் யார் பாட்டு யாருக்குக் கேட்கும்? பின்னர் வெட்டவும் அடிக்கவும் ஒரே இயந்திரம் வந்தது. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகின்றது. உழவனுக்கு அது பெரிய விடுதலை. முதுகு வளைந்து அரிவாள் பிடித்தவனின் மகன் நான், அவ்வேலை திரும்ப வரவேண்டுமென்று பாட்டுக்காக ஏங்கமாட்டேன். களைக்கு நாசினி வந்தபின் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்ற காட்சியும் அருகிற்று. இவற்றுக்கு மேலாக யுத்தம். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேற்கே இருந்த வயல்களுக்கு எங்கள் பக்கத்தார் பலர் போக முடியவில்லை. போனவரும் பொழுதுபடுமுன் திரும்பினர். இராக்காவற் பரணில் ஒருவன் குரலெடுத்துப் பாடுவதும், அடுத்த வட்டையில் வேற்றூரான் ஒருவன் மறுகவி சொல்வதும் அக்காலத்தில் நினைக்கக்கூடியவை அல்ல. தொழில் போயிற்று, இரவு போயிற்று, எதிர்க்கவி சொல்ல இருந்த அயலவனும் போனான். சினிமாப் பாட்டு வெற்றிடத்தில் வந்து குந்தியதேயன்றி எவரையும் எழுப்பிவிட்டுக் குந்தவில்லை.

ஆகவே 'பாதுகாப்போம்' என்ற சொல்லை அழைப்பிதழிற் கண்டபோது எனக்கு ஐயம் வந்தது. பெட்டியிற் பூட்டி வைத்தால் நகை பாதுகாக்கப்படும். உரையாடல் அப்படி அன்று. இதற்கு வேண்டியது, இருவர் எதிரெதிரே இருக்கத்தக்க ஓரிடம். பெருவிழாக்கள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் 2011 மார்ச்சில் நடந்த இசைவிழாவில் இலங்கையின் பல சமூகத்து நாட்டார் கலைஞரும் கூடினர். யுத்தம் முடிந்து இரண்டாண்டும் நிரம்பாத அந்நேரத்தில் அது செய்த நன்மை சிறிதன்று. சென்னையில் 2020 திசெம்பரிலிருந்து நடந்துவரும் 'மார்கழியில் மக்களிசை', சபாக்களின் பருவத்திலேயே பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை தந்து, இசை எவருடையது என்ற வினாவை எழுப்பியது. அவ்வினாவை எழுப்பப் பெருங்கூட்டம் வேண்டும். பறைக்கும் பெருவெளி பொருந்தும். ஆனால் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துச் சரற்றோகாவில், 1960இல் ஒரு மாடியறையில் தொடங்கிய 'கஃபே லீனா' என்ற சிறு கோப்பிக் கடை அரங்கு இன்றும் நடந்து வருகின்றது. பேர் பெறுமுன்னர் பொப் டிலான் 1961இல் அங்கே பாடியிருக்கின்றார். அவர் பிறகு விளையாட்டரங்குகளை நிரப்பினார். அவ்வறை அடுத்து வந்தவர்க்கு இடம் விட்டது.

இனி அழைப்பிதழுக்கு வருகின்றேன். முகப்பில் ஒன்பது அதிதிகளின் பெயர், பட்டம் பதவியோடு. பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி என்று மூவகை. இவற்றின் வேறுபாட்டைத் தொல்காப்பியரும் அறியார். பாடுபவர் எவரெனத் தேடினேன். 'கிராமியக் கலைஞர்கள்' என்ற ஒரே தொடரில் அனைவரும் அடங்கியிருந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் பன்னிரண்டு நிமிடம். கவிக்குப் பின்னணியாகக் கீபோட். இறுதியிற் கலைஞர்க்குப் பொன்னாடை. பக்கீர் பாவா ஒருவர் றபானைத் தோளில் மாட்டிக்கொண்டு நோன்பு காலத்துச் சகர் வேளையில் தெருத்தெருவாகப் பாடி எழுப்புபவர். கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்ற நாள்களில் இரவெல்லாம் பாடக்கூடியவர். அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்பது றபானைத் தீயிற் காட்டித் தோலை முறுக்கேற்றவும் காணாது. அவர் பாட்டு அவருக்குச் சோறு. பொன்னாடையை அவர் வீட்டார் என்ன செய்வர்? ஆதலால் மாணவரிடம் மூன்று மாற்றம் கேட்டேன். பாடுபவர் பெயரும் ஊரும் முகப்பில் வரட்டும். நுழைவுக்குச் சிறு தொகை வாங்கி அதை அவர்க்கே கையிற் கொடுங்கள். ஓரிரவுக்கு இருவர் அல்லது ஒரு குழு போதும். கொல்லங்குடி கருப்பாயியைத் தமிழகம் பெயர் சொல்லி அறிந்தது, முதலில் வானொலியும் பின்னர் 1985இல் 'ஆண்பாவம்' திரைப்படமும் அவர் பெயரைச் சொன்னதால் அன்றோ? எங்கள் கருப்பாயிகளை அவர்தம் தெருவுக்கு அப்பால் யார் அறிவார்?

கீபோட்டைப் பற்றி மாணவரோடு சற்று வாதாடினேன். "அது இல்லாவிட்டால் இளைஞர் வரமாட்டார்கள்" என்றனர். "அது இருந்தால் வேறு சிலர் வரமாட்டார்கள்" என்றேன். இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டென்பதும், எங்கள் ஊர்களில் அது சில வேளை மிகுந்த சூடு பெறுவதும் வாசகர் அறிந்தவை. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் படித்தது நன்னூலும் காரிகையும். எனினும் ஒரு செய்தியை நினைவூட்டலாம். கவிக்கு எக்கருவியும் எக்காலத்தும் இருக்கவில்லை. இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டு அதன் பொருட்டுச் சண்டையிடுதல் வீண். றபானோ 'தஃப்' என்னும் ஒருமுகப் பறையின் இனம்; திருமண வேளையில் தஃப் கொட்டுதலை ஏற்கும் நபிமொழிகள் உண்டு. இவ்வளவு சொன்னபின் கீபோட் போயிற்று.

எளிதில் தீராதது பெண்குரல் பற்றிய வினா. கவியின் செம்பாதி பெண்களுடையது; அதிற் சிறந்த பாதியும் அதுவே என்பது என் துணிபு. ஆனால் இன்று ஆண்கள் இருக்கும் அவையிற் பாட அப்பெண்கள் விரும்பார். அவர்கள் விரும்பினும் பேரப்பிள்ளைகள் ஒப்பார். பிற்போக்கு என்று இதனை ஒரு சொல்லில் ஒதுக்கும் நண்பர் எனக்கு உண்டு. அவர்க்கு நான் சொல்வது: அக்கவிகளிற் பல முற்காலத்திலும் ஆண்களுக்கென்று பாடப்பட்டவை அல்ல. வயலில் பெண்கள் வரிசைக்குள்ளே பிறந்து, அங்கேயே விடை பெற்றவை. ஓராட்டுப் பாட்டும் திண்ணைக்கு வந்ததில்லை. அவற்றை எல்லாரும் கேட்கும்படி வெளியே இழுத்தலே முன்னேற்றம் என்று யார் சொன்னார்? ஆகவே இரண்டாம் கிழமையை இரண்டாக்கச் சொன்னேன். சனிக்கிழமை பின்னேரம் பெண்களுக்கு மட்டும். பாடுபவரும் கேட்பவரும் ஏற்பாடு செய்பவரும் பெண்களே. இரவில் ஆண்களின் கவி. இதனால் எனக்கே நட்டம். இருபது ஆண்டாகக் கேட்க விழைந்த எதிர்க்கவியை நான் கேட்கப் போவதில்லை.

ஏற்பாட்டைச் சொல்ல மூத்தம்மாவிடம் என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். படுக்கையில் இருந்தபடியே கேட்டார். வருவதற்கு மறுப்பில்லை. பழைய வினாவையே கேட்டார்: "எதிர்க்கவி சொல்ல ஆர் இருக்கா?" நாங்கள் விழித்தோம். அவருடைய தெருவில் அவர் வயதொத்தவர் ஒவ்வொருவராகப் போய்விட்டனர். சற்று யோசித்துவிட்டு, அண்ணாமலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னார். ஒரே வட்டையில் ஒன்றாகக் களை பிடுங்கியவர்களாம். மச்சானாக அவள் பாட, மச்சியாக இவர் பாடுவாராம். 1990க்குப் பின்னர் இருவரும் கண்டதில்லை. உயிரோடு இருக்கின்றாளோ என்பதும் தெரியாது.

மாணவர் தேடினர். இருக்கின்றார். கண் பார்வை மங்கிவிட்டது. குரல் மங்கவில்லை என்கின்றனர். பெயரைச் சொன்னதும் சிரித்தாராம். "அவ இன்னும் நீட்டித்தான் பாடுறாவா?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. வாகனம் விட்டால் வருவதாக ஒப்பியிருக்கின்றார். இருவரையும் கொண்டுவந்து கொண்டுவிட வாகனச் செலவுக்குப் பணம் இல்லையென்று மாணவர் கையைப் பிசைந்தனர். ஒன்பது அதிதிகளுக்கும் பொன்னாடையென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையை எண்ணிப் பார்த்தோம். இரண்டு வாகனத்துக்கும் போதும்.